மேல்மண்ணில் முளைத்த நாகர்

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர்கள் எங்கும் உண்டு. ஆனால் சிவதாணு அளவுக்குப் பொறுமையாக, மஞ்சள் பூசி, விளக்கேற்றி அதைச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி வடக்கே போனால், வெள்ளைக் களிமண் தோண்டுகிற குழிகள் வரும். அவற்றில் ஒன்று முன்பு சிவதாணுவின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவிக்க வேண்டும். குழியை மூடிய பிறகு அதே மண்ணை மேலே விரித்துத் தர வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வந்த அவருடைய அப்பா சாணமும் சாம்பலும் தழையும் போட்டுக் கறுப்பாக்கிய மண் அது. "அடியில கெடக்கது உங்களுக்கு. மேல ஒரு முழம் எனக்கு" என்று கம்பெனியின் மலையாளி மானேஜர் ரதீஷிடம் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி சொன்னபடி வழித்து, வேலியோரமாகத் தன் இடத்தில் குவித்தது. மழையில் கரையாமல் இருக்கச் சிவதாணு குவியல் முழுவதும் பயறு விதைத்தார். மழை ஒன்றும் செய்யவில்லை. மனிதர்கள்தான் செய்தார்கள். புது வீட்டுத் தோட்டங்களுக்கு நல்ல மண் வேண்டுமென்று யாரோ டிப்பரில் அள்ளிக்கொண்டு போனார்கள். ரதீஷிடம் முறையிட்டால், "நோக்காம் அண்ணாச்சி" என்பான். அவன் ஒருநாளும் நோக்கவில்லை.

சிவதாணு வேறு வழி பார்த்தார். கொல்லையில் உடைந்து கிடந்த துவைகல்லில் ஒரு துண்டு, மேலே அகன்று, பார்க்கப் படம் எடுத்த பாம்பு மாதிரியே இருந்தது. அதைக் குவியலின் மேல் நட்டு மஞ்சள் பூசினார். பழவங்காடிக் கடைத்தெருவில் ஒரு விளக்கு வாங்கி வைத்தார். நாகர் இருக்கிற மண்ணில் இந்தப் பக்கத்தில் குடிகாரன்கூட மண்வெட்டி போட மாட்டான். திருட்டு நின்றது. வீட்டில் மருமகள் ரெம்யாவிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார் பாவி மனிதர்.

பிறகு பெண்கள் பால் கொண்டுவந்தார்கள். தகரக் கூரை வந்தது, மணி வந்தது. கலியாணமாகி நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த ரெம்யா விடாமல் விளக்கேற்றி, ஒரு பெண் குழந்தையும் பெற்றாள். அப்போதாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம்.

குழியைக் கழிவு மணலாலும் சேற்றாலும் மூடி முடித்த பிறகு, கம்பெனி டிரைவர் ஜெயகுமார் மேல்மண்ணை அள்ள ஹிட்டாச்சி மண்வாரி எந்திரத்தைக் கொண்டுவந்தான். கல்லைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான்.

"என் கையால முடியாது சாரே. எனக்கும் குடும்பம் உண்டு."

ரதீஷின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "மண்ணுன்னா திருப்பித் தரலாம் அண்ணாச்சி. தெய்வத்த எப்படி அள்ளித் தர? இது தெய்வ விஸ்வாசத்தின்றெ காரியமில்லியா."

"தெய்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் நட்ட துவைகல்லு அது" என்றார் சிவதாணு. அங்கே கூடிவிட்ட ஊர்க்காரர்கள் யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு ஓடி, கல்லின் மறுபாதியைத் தோளில் சுமந்து வந்து கூட்டத்தின் நடுவே போட்டார். இரண்டும் அச்சாகப் பொருந்தின.

ரெம்யா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதாள்.

"அப்பம் நாகர் மேலயா மாமா நாம இத்தன வருஷமும் துணி அடிச்சுத் தோச்சோம்? அதான் எனக்கு முன்ன பிள்ள தங்காம போச்சு."

பெண்கள் அந்தப் பாதியையும் பாலில் கழுவிப் பக்கத்தில் நட்டார்கள். சிவதாணு வெறி பிடித்தவர் போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார். ரெம்யா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பேத்தி அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் இறங்கி வந்தார்.

கம்பெனி நிலத்தை நிரவிக் கொடுத்துவிட்டுப் போனது. மழையில் பசை, வெயிலில் வெள்ளைப் பாளம். நட்ட மரச்சீனிக் கம்புகள் ஒன்றுவிடாமல் காய்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் குவியலில் மட்டும் யாரும் விதைக்காமலே பயறு மண்டிக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் சிவதாணு ஒரு கூடையோடு அங்கே போனார். நாலு கம்பு நடுகிற அளவாவது மண் எடுத்துவரலாம் என்று நினைப்பு. விளக்கேற்றிக்கொண்டிருந்த ரெம்யா திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, செருப்ப வெளிய களட்டுங்க."

கழற்றினார். அவள் கூடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கல்லின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை கறுப்பு மண்ணை எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பிரசாதம். நெத்தியில தொட்டுக்கிடுங்க."

கம்பெனி திருப்பித் தருவதாகச் சொன்ன மேல்மண்ணில் சிவதாணுவின் கைக்கு வந்தது அவ்வளவுதான்.