பத்தாவது மாடிக்கு ஒரு ஷேட்

ஆம்பூர்க்காரர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் கருத்துக் கேட்கலாம், கலரைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. இது தெரியாமல் சென்னையிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்பில் எந்தக் கலரில் அலுமினிய ஷீட் ஒட்டலாம் என்று வீடு வாங்கியவர்களையே கேட்டுவிட்டார். பாவம், ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் அது. வீடு வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் தோலை வைத்துப் பிழைப்பவர்கள். என் வீட்டுக்காரருக்கு வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. முடிந்த தோல் வெளியே போவதற்கு முன்னால், வாங்கும் பார்ட்டி கேட்ட ஷேட்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தோடு விட்டுப் போகிற வியாதி இல்லை அது. தக்காளியைக்கூட ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் நான் ஆசை ஆசையாக எடுத்த மாம்பழக் கலர் புடவையைப் பார்த்து, "கொஞ்சம் பச்சை அடிக்குது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது எடுத்துக்கொள்ளும் பழக்கமே அவருக்குக் கிடையாது. பத்தாவது மாடியில் வீடு எடுத்ததற்கும் காரணம் அதுதான். அங்கே ஹாலில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. கலர் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் சரியாம்.

மாமனாரை யாரும் கேட்கவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குச் சக்கர நாற்காலிதான். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அதை நாங்கள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

"பத்தாவது மாடிலருந்து நான் எப்டிடா எறங்குறது?" என்றார் மகனிடம்.

"லிஃப்ட் இருக்குது நைனா."

"லிஃப்ட் நின்னுட்டா?"

"ஜெனரேட்டர் இருக்குது நைனா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசுக்குள் அந்தக் கேள்வி முடியாமலே இருந்தது.

இன்ஜினியர் கேட்டதும் கமிட்டி போட்டார்கள். மூன்று பேர்: என் வீட்டுக்காரர், பதினோராவது மாடியில் வீடு வாங்கிய கெமிக்கல் வியாபாரி பாய், ஷூ கம்பெனி மேனேஜர் ஒருவர். கட்டடத்தில் கேட்க வேண்டிய விஷயம் எத்தனையோ இருந்தது. பால்கனித் தரையில் ஊற்றிய தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் ஹாலுக்குள் வருகிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல், கை நீட்டினால் கருவேப்பிலை வாங்கலாம். பளபளப்பு ஷீட் எல்லாம் முகப்புக்கு மட்டும், பின்பக்கத்துக்கு வெறும் பெயிண்ட். ஷூவிலும் அப்படித்தான், நல்ல தோல் முன்னால் வரும், வயிற்றுத் தோல் உள்ளே போகும். பின்பக்கம் வீடு வாங்கியவர்கள் யாரும் கமிட்டியில் இல்லை. இதையெல்லாம் நான் சொன்னபோது, "இரும்மா, மொதல்ல ஷேட முடிச்சுக்கலாம்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் கூட்டம். வெயில் ஏறுவதற்குள் பார்த்தாக வேண்டும் என்பதால் யாரும் டிபன் சாப்பிட்டுவிட்டு வரவில்லை, எல்லோருக்கும் நான்தான் உப்புமா கிண்டினேன். இன்ஜினியர் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு துண்டாக ஷீட்களைப் பரப்பினார். மூவரும் ஆளுக்கொன்றை எடுத்தார்கள். தடவிப் பார்த்தார்கள். எச்சில் தொட்டுத் தேய்த்தார்கள். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியில் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். மேனேஜர் ஒன்றை மடிக்கப் பார்த்து, கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார்.

"சார், இது மேல ஒசரத்துல இருக்கப்போவுது. யாரும் தொடவே மாட்டாங்க" என்றார் இன்ஜினியர்.

"தொடாட்டி இன்னா? கைக்கு நல்லா இருக்கணும் இல்ல?" என்றார் பாய்.

ஒன்றில் செவப்பு ஜாஸ்தி, ஒன்றில் மஞ்சள் கம்மி என்று உப்புமா ஆறும்வரை பேசி, கடைசியில் டான் என்கிற வெளிர் பழுப்புக் கலரில் ஒன்றைப் பிடித்தார்கள். அதன் மேல் தோலில் இருப்பது போலவே ரேகை ரேகையாகக் கிரெயின் அச்சு போட்டிருந்தது. சிமென்ட் கட்டடத்துக்குத் தோல் போர்த்தப் போகிறோம் என்ற சந்தோஷம் மூவர் முகத்திலும் தெரிந்தது. ஷூ கம்பெனியில் பார்ட்டி சம்மதித்த சாம்பிளுக்குச் சீல் வைப்பது போல, அந்தத் துண்டின் பின்னால் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு தைக்கிற ஷூவெல்லாம் அந்தச் சாம்பிளைப் போலவே இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை பார்ப்பவள் நான் என்பதால், அதைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டிஷ்யூ பேப்பரில் சுற்றி பீரோவில் வைத்தேன்.

மாமனார் அந்தக் காலத்தில் தோல் வாங்கி விற்றவர். அவருக்குக் கலர், கையெழுத்து எதிலும் நம்பிக்கை கிடையாது, நெருப்பில்தான் நம்பிக்கை. தோல் என்று யார் எதைக் கொடுத்தாலும் லைட்டரை எடுத்து ஓரத்தில் காட்டுவார். முடி கருகின நாற்றம் வந்தால் தோல், உருகினால் ரெக்சின். என் அம்மா வீட்டுச் சீராக வந்த கைப்பையைக் கல்யாணத்துக்கு மறுநாளே ஓரத்தில் கருக்கிவிட்டு, "அசல்தாம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அதை என்னைப் பாராட்டியதாகவே நினைத்துக்கொண்டார். டாக்டர் அவரிடமிருந்து பீடியைப் பிடுங்கினார், லைட்டரை யாராலும் பிடுங்க முடியவில்லை.

நான் லீவில் இருந்த ஒரு நாள், பீரோவைத் திறந்தபோது அந்தத் துண்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது. பார்க்கக் கேட்டார், கொடுத்தேன்.

"இன்னா தோலுமா இது?"

"தோல் இல்ல மாமா. அலுமினியம். செவுத்துல ஒட்றது."

"கிரெயின் இருக்குதே?"

"சும்மா அச்சுதான் மாமா."

"அப்ப ரெக்சின்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது யாரையோ திட்டுவது போலவே இருக்கும்.

நான் அரிசி களையப் போனேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டை அடுப்பில் வைத்தது போல ஒரு நாற்றம். ஓடி வந்து பார்த்தால், மாமா துண்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறார். க்ரீம் பிஸ்கட் போல, இரண்டு பக்கமும் மெல்லிய தகடு, நடுவில் கறுப்பாகப் பிளாஸ்டிக். அந்த நடுப்பகுதி பற்றி எரிந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக உருகிக் கீழே விழுந்தது. விழுந்த சொட்டும் அணையவில்லை, மிதியடியைப் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த அரிசி கழுவின தண்ணீரை மிதியடி, துண்டு, மாமா மடி எல்லாவற்றின் மீதும் ஊற்றினேன்.

நனைந்த வேட்டியோடு அவர் ஜெயித்த முகத்தில் இருந்தார். "நான் சொல்லல? ரெக்சின்."

இதைத்தான் எங்கள் ஜன்னலைச் சுற்றி, கீழ் மாடியிலிருந்து மேல் மாடிவரை ஒட்டப் போகிறார்கள். கீழே யார் வீட்டிலோ பற்றினால் சுவரே திரியாகி நெருப்பு மேலே ஏறி வரும். மாமாவின் நாற்காலியைப் பார்த்தேன். பத்து மாடியையும் அந்த நாற்காலிச் சக்கரத்தையும் சேர்த்து நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கருகிய துண்டை வாங்கி நேராக ஜன்னலுக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷேடே போய்டுச்சே" என்றார்.

அவரைத்தான் முதலில் கொளுத்த வேண்டும் என்று தோன்றியது. கமிட்டிக்குச் செய்தி போனது. பாயும் மேனேஜரும் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். சீல் போட்ட சாம்பிளை எரித்துவிட்டால் இனி எதை வைத்து ஒப்பிடுவது என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, அது எரிஞ்சுதுங்க. அத யாருமே கேக்கலியே?" என்றேன்.

"ரொம்ப நேரம் லைட்டர் காட்னா எதுதாம்மா எரியாது?" என்றார் பாய்.

"தோல் எரியாது" என்று உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார்.

மறுநாள் நானே இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அவர் மறைக்கவில்லை. "நெருப்பு புடிக்காத ரகமும் இருக்கு மேடம். நடுவுல இந்த பிளாஸ்டிக் வராது. ஆனா அதுல டான் வராது, கிரெயின் வராது. க்ரேதான் கெடைக்கும். கமிட்டி மாத்திச் சொன்னா அதையே போட்டுடலாம்."

கமிட்டி மாற்றிச் சொல்லவில்லை. க்ரே என்றால் கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றார் மேனேஜர். மழையில் நனைந்த எருமை மாதிரி இருக்கும் என்றார் பாய். என் வீட்டுக்காரர், "கையெழுத்துப் போட்டாச்சும்மா, பேரு கெட்டுடும்" என்றார். அன்றிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை. சோறு போட்டேன், தட்டைச் சத்தமாக வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தைப் பார்க்கப் போனோம். ஒரு லிஃப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவைப் பத்தாவது மாடிக்கு ஏற்றினோம். பால்கனியில் நிறுத்தியதும் மலையைப் பார்த்தார், ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்தார். "காத்து சூப்பரா வருதுமா" என்றார். அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கிளம்பும்போது லிஃப்ட் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கமிட்டி மூவரும் இன்ஜினியரும் என்னையே பார்த்தார்கள்.

"நெருப்பு புடிச்சா லிஃப்ட்ல போலாமா சார்?" என்று இன்ஜினியரைக் கேட்டேன்.

"கூடாது மேடம். படிக்கட்டுதான். போர்டே மாட்டுவோம்."

"அப்ப இன்னைக்குப் படிக்கட்டுலயே போலாம். நாலு பேர் இருக்கீங்க. தூக்குங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். மாமாவுக்குக் கொண்டாட்டம். உற்சவத்துக்குப் புறப்பட்ட சாமி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "லெப்ட்டு தாழுது பாரு, பாய் கொஞ்சம் தூக்கு" என்று மேற்பார்வை பார்த்தார். ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்து நின்றது, திரும்பவில்லை. படிக்கட்டின் அகலத்தை வரைந்தவர்கள் யார் என்று பாய் கேட்டார், இன்ஜினியர் நாற்காலியைச் சாய்த்துத் திருப்பினார். எட்டாவது மாடியில் மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. ஏழாவது மாடியில் நான்கு பேரும் நாற்காலியை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் ஏழு மாடி இருந்தது.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு மகனின் வேர்த்த கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைக்குப் போகிறவனிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"நெஜமாவே நெருப்பு புடிச்சா இப்டிலாம் தூக்கினு இருக்காதடா. நேரம் போய்டும். என்னை ஹால்லயே வுட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் எறங்கிப் போய்டுங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். என் வீட்டுக்காரர் அப்பாவின் காலடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார், முகம் தெரியவில்லை.

"சார்" என்றார் இன்ஜினியரிடம். "அந்த எரியாத ஷீட்டே போட்டுடுங்க."

மேனேஜரும் பாயும் தலையை ஆட்டினார்கள். இன்ஜினியருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"சரிங்க சார். ஆனா க்ரேலயே மூணு ஷேட் இருக்கு. நாளைக்கு சாம்பிள் கொண்டு வரட்டா? எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் எழுந்து மறுபடியும் நாற்காலியின் மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுனா ஒண்ணு போடுங்க" என்றார்.