வைகாசிப் பனி

கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தபோது, குளிர்காலம் என்றால் பிரிவு என்று சொல்லிக் கொடுத்தார்கள். தலைவன் பொருள் தேடப் போவான். பனி தொடங்குமுன் திரும்பிவிடுவேன் என்பான். பனி வந்துவிடும், அவன் வரமாட்டான். தலைவி இளைத்துப்போவாள், கைவளை கழன்று விழும். முதுமைக்கும் அதே பனிதான் குறியீடு என்றார்கள். மின்விசிறி ஓடாத தேர்வறையில் வியர்க்க வியர்க்க இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். மற்றபடி எங்கள் கணியூர்ப் பக்கம் குளிர் என்பது, மார்கழியில் அப்பா காதுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போவதோடு சரி.

பிறகு திருப்பூர்க்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். அவர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்கள் கேட்டபடி தைக்கவைத்து, கேட்ட தேதியில் கப்பலேற்றுவது அவர் பொறுப்பு. திருப்பூரில் குளிர்காலம் வைகாசியில் வரும் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐரோப்பாவில் பனி கொட்டும்போது கடையில் தொங்க வேண்டிய சட்டையை இங்கே அக்கினி நட்சத்திரத்தில் தைத்தாக வேண்டும். வெளியே ரோட்டில் தார் இளகும். உள்ளே முயல்குட்டி போல மெத்தென்ற துணியில் பனிமனிதன் சிரித்துக்கொண்டிருப்பான். கம்பெனியில் அந்த ஆர்டருக்குப் பெயரே வின்டர்தான்.

தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்த வருடம், டாக்டர் சொன்ன தேதியும் வின்டர் கிளம்பும் தேதியும் ஒரே வாரத்தில் விழுந்தன. பிரசவத்துக்குள் வந்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரிடம் செல்போன் இருந்தது, எங்கள் வீட்டில் லேண்ட்லைன்தான். அது அடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவேன்.

"வின்டர மட்டும் ஏத்தி உட்டுட்டா அடுத்த பஸ்ஸுல வந்தர்றேன் அம்மிணி."

"பொறுமையா வாங்க. பனி சேராது, காத மூடிட்டுப் படுங்க."

"இங்க எங்க அம்மிணி பனி? அனலா அடிக்குது" என்றார். அவர் படித்தது வணிகவியல்.

தோழி என்று ஒருத்தி இருந்திருந்தால் என்னைத் தேற்றியிருப்பாள். எனக்கு வாய்த்தது அம்மா. முருங்கைக்கீரையை உருவியபடியே, "ஊரே வெந்து கெடக்குது, உங்கூட்டுக்காரருக்கு மட்டும் குளுருகாலம் முடியலயாக்கும்" என்பாள். வளையலாவது கழன்றதா என்றால் அதுவும் இல்லை. கை வீங்கி, வளைகாப்பு வளையல்கள் இறுகி, சோப்புப் போட்டாலும் அசைய மறுத்தன. பிரிவில் இப்படிப் பருத்த தலைவியைப் பற்றி எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை.

வாய் ஓயாமல் கிண்டல் செய்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் பிரசவ அறைக்குள் போக நேருமோ என்று பயந்தேன். போனவள் திரும்பாவிட்டால் என்ன ஆவது என்றும் நினைத்தேன். அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே ஒரு நாள் காலையில் வலி கண்டுவிட்டது. அப்பா அவருக்குப் போன் போட்டார். அங்கே, சட்டைகளில் பஞ்சு உதிர்கிறது என்று சரக்கைச் சோதிக்க வந்தவர் நிறுத்திவைத்துவிட்டாராம். ஆபீஸ் ஆட்கள் உட்பட எல்லோரும் நின்று ஒவ்வொரு சட்டையாக உதறிக்கொண்டிருந்தார்கள். "உடுமலை ஆஸ்பத்திரிக்கே வந்தர்றனுங்க மாமா" என்று அவர் சொன்னதாக அப்பா சொன்னார். நான் நம்பவில்லை. வின்டர்தான் இன்னும் ஏறவில்லையே.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறை வாசல்வரை என்னைக் கொண்டுபோய்விட்டார்கள். படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "பெரியவரே, அங்கயே நில்லுங்க. இங்கெல்லாம் வரக் கூடாது" என்றார்.

அந்தப் பெரியவர் என் கணவர்தான். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளைப் பஞ்சு. இரண்டு பஸ் மாறி வந்தும் போகாமல் வியர்வையில் அப்பிக்கொண்டிருந்தது. வந்தால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவரைப் பார்த்ததும் அது மறந்துபோனது. எழுபது வயதில் இவர் இப்படித்தான் இருப்பார் என்று தோன்றியது. அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்கு முன் எதன்மீதும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"வின்டர் ஏறிருச்சுங்களா?" என்றேன்.

"அது கெடக்குது உடு" என்றார்.

வலிக்கு நடுவே கையை நீட்டி அவர் தலையைத் தட்டிவிட்டேன். பஞ்சு உதிர்ந்து கறுப்பு முடி தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வின்டர் இன்றும் வைகாசியில்தான் வருகிறது. அவரும் பஞ்சோடுதான் வீடு திரும்புகிறார். வாசலில் நிறுத்தித் தலையைத் தட்டிவிடுகிறேன்.

"அது பஞ்சில்ல அம்மிணி, உடு" என்கிறார்.

இன்னும் ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன்.