கிளட்ச் இல்லாத ஜீப்

அந்த ஜீப்பை என் வீட்டுக்காரர் மூவாரிலிருந்து ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு நாற்காலிப் பட்டறைக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் கிடந்ததாம். இறக்கும்போது அடியிலிருந்து துருவும் மரத்தூளும் சேர்ந்து கொட்டின. கதவு ஒன்று கையோடு வந்துவிட்டது.

"இத எங்க கொண்டு போய்ப் புதைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதை அவரிடமே சொன்னேன். "அன்னைக்கு உங்க அப்பா மொறச்சிகிட்டு நின்னாரு லா" என்றார்.

நாங்கள் இருப்பது கூலாயில். அவர் அப்போது சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். இருட்டோடு மோட்டார் சைக்கிளை எடுத்தால் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புவார். எனக்கு செனாயில் ஃபேக்டரி வேலை. நகத்தளவு சர்க்யூட் பலகைகளில் குறை தேடும் கியூசி வேலை. வீட்டில் இருவரும் முகம் பார்த்துப் பேசும் நாள் ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறையும் ஜீப் எடுத்துக்கொண்டது. ஆகவே நானும் ஜீப்பிடம் போனேன். வேறு வழி?

அவருடைய கூட்டாளி ஒருவர் கார் கழுவும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்கு அப்புறம் செம்பனைத் தோட்டம் ஆரம்பமாகிவிடும். ஜீப்பை அங்கேதான் பிரித்துப் போட்டார்கள். பிரிக்கப் பிரிக்கத்தான் தெரிந்தது, அடிச்சட்டம் முழுக்க மக்கிவிட்டிருந்தது. ஒரு ஸ்குரூ டிரைவரைக் குத்தினால் அடுத்த பக்கம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் இரும்புக் கடைக்குத் தள்ளியிருப்பார்கள். இவர், "நானே புதுசா அடிக்கிறேன்" என்றார்.

எஞ்சின் ஒரு பழைய டீசல் வேனுடையது. முன்னும் பின்னும் வரும் ஆக்சில்கள் ஒரு சின்ன லாரியுடையவை. கியர் பாக்ஸ் வேறொரு ஜீப்பிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று குடும்பத்துச் சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைக்கிற மாதிரியான வேலை. அவர்களை உட்கார வைப்பதற்கான பந்திதான் அந்த அடிச்சட்டம். இரண்டு நீளமான பெட்டி இரும்புகள், நடுவே குறுக்குச் சட்டங்கள். எஞ்சினுக்கு ஏற்றபடி ஒரு சட்டம், கியர் பாக்ஸைத் தாங்க ஒரு சட்டம் என்று ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்து, எடுத்து, அறுத்து, மறுபடி வைத்துப் பார்த்தார். இப்படிச் செய்த வண்டிக்குச் சாலையில் ஓட அனுமதி கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். "ரோட்டுல ஓட்டத்தான் உன் கார் இருக்கே" என்பார். தோட்டத்துச் செம்மண் பாதையும் ஆற்றோரமும் அவருக்குப் போதும்.

நான் விளக்கு பிடித்தேன். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தேன். சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து, அடுத்த மூலையிலிருந்தும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டேன். ஒன்றாக இல்லையென்றால் சொல்லிவிடுவேன். "இங்கயும் கியூசி வேலையா?" என்று முணுமுணுப்பார். ஆனால் பற்ற வைத்ததை அறுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சண்டை போடாமல் பேசிக்கொண்ட நாட்கள் அவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே சில சமயம் நம்பிக்கையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை இருந்தது. அவர் கொட்டகையில் சிலிப்பர் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்வார். பட்டறையில் இரும்பு முனை வைத்த பூட்ஸ் இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. மேலதிகாரி பார்த்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த பூட்ஸ் அங்கேயே அவருடைய லாக்கரில் தூங்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் எல்லாருக்கும் சிலிப்பர்தான்.

"ஆறு நாளும் கால் பூட்ஸ்ல வேகுது. இங்கயாவது காத்துப் படட்டும்" என்பார்.

"நெருப்பும் சேர்ந்து படும்" என்பேன்.

"உனக்கு வாயில நல்லதே வராதா?"

வராதுதான். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருக்கிற மனிதர் வேறு. மாத்திரையை ஒரு நாள் போட்டு இரண்டு நாள் விடுகிற ரகம்.

கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை ஒட்டிய நாளில் அது நடந்தது. அவர் சட்டத்துக்கு அடியில் குந்தி, தலைக்கு மேலே பற்ற வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ரப்பர் கருகும் வாடை வந்தது. வயர்தான் எரிகிறதென்று நினைத்து ஸ்விட்சை அணைத்தேன். "என்னா?" என்று முகமூடியைத் தூக்கினார். அவருடைய இடது சிலிப்பரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உருகிய இரும்புத் துளி ஒன்று பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே விழுந்து, தோலைத் தின்று, ரப்பரையும் தின்றுகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுக் காலை உதறினார். பிறகு சிரித்தார்.

"பாத்தியா? வலிக்கவே இல்ல. வேலைக்காரன் காலுன்னா சும்மாவா?"

அவருடைய கூட்டாளியும் சிரித்தார். சதை வெந்து கிடக்கிறது, மனிதர் பெருமைப்பட்டுக்கொள்கிறார். கிளினிக்குக்குப் போவோம் என்று கத்தினேன். மினியாக் காமாட் எண்ணெய் தடவினால் ஆறிவிடும் என்றார். தடவினார். திங்கட்கிழமை அந்தக் காலை அப்படியே பூட்ஸுக்குள் சொருகிக்கொண்டு பாலம் தாண்டிப் போனார். நாள் முழுக்க வேர்வையில் ஊறிய பூட்ஸ். வலிக்காத காலுக்கு எதற்கு லீவு?

விரல் கறுத்த பிறகுதான் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இனிப்பு நீரில் நரம்பு செத்து மரத்துப்போன கால், அதனால்தான் வலிக்கவில்லை என்றார் டாக்டர். முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே நிறுத்தினார்கள். வார்டில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஜீப்பின் மேல் தார்ப்பாய் போட்டாகிவிட்டதா என்பது. அந்த மனிதரை அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை. போட்டாகிவிட்டது என்றேன்.

சிங்கப்பூர் வேலை போனது. ஒற்றைக் காலோடு கப்பலுக்குள் ஏறி இறங்க யாரும் விடமாட்டார்கள். அவரும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூட வேன்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையை மட்டும் இப்போது சொன்னதைச் சொன்னபடி போட்டார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த வண்டிய மட்டும் நானே ஓட்டிட்டேன்னா போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். என் காதில் அது அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேறு குறிக்கோளே இல்லை. இந்த மனிதர் அந்த ஜீப்பை ஓட்டியாக வேண்டும்.

இடது கால் இல்லாதவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. செயற்கைக் காலை வைத்து மிதித்துப் பார்த்தார், அது பெடலை விட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருடைய கூட்டாளி ஒரு வழி சொன்னார். தெப்ராவ் பக்கம் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் பொத்தோங் கடை ஒன்றில், அதே வேன் எஞ்சினோடு பொருந்துகிற ஆட்டோ கியர் பாக்ஸ் கிடக்கிறதாம்.

"ரெண்டே பெடல்தான் அண்ணி. ஒரு வலது காலு போதும், ஓட்டிரலாம்."

எனக்குச் சாமியே நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ கியரில் எவன் காடு ஏறுவான் என்றார். ஆயில் சூடாகும் என்றார். அது நீளம் அதிகம், சட்டத்தில் உட்காராது என்றார். ஒவ்வொரு தடவை நான் பேச்செடுக்கும்போதும் புதிதாக ஒரு காரணம் வைத்திருந்தார். எல்லாம் வண்டியைப் பற்றிய காரணங்கள்.

"வீம்பு" என்றேன். "ஆட்டோ ஓட்டினா மீசை கொட்டிருமா?"

அவர் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராத்திரி படுக்கப் போகுமுன் அவருடைய வலது காலைக் கழுவித் துடைத்து, எங்காவது புண் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கிளினிக்குக்கு என்னை வரவிடமாட்டார், கூட்டாளியோடுதான் போவார். வீட்டில் மட்டும் பேசாமல் காலை நீட்டுவார். பாதத்தைத் தொட்டதும், "கூசுது லா" என்று வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். எனக்கு அது எவ்வளவு ஆறுதல்! இந்தக் காலாவது நல்லபடி இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் அவரைக் கேட்காமல் நானே போய் அந்த கியர் பாக்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொட்டகையில் அதை இறக்கியபோது அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். "சரி, மாட்டுங்க" என்றார்.

அது உட்கார வேண்டுமென்றால் பழைய கியர் பாக்ஸுக்காக அவர் ஒட்டிய குறுக்குச் சட்டத்தை அறுக்க வேண்டும். கூட்டாளி கிரைண்டரை எடுத்தார். இவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, தன் காலை வாங்கிய அந்த வெல்டிங்கைத் தானே அறுத்தார். சுலபத்தில் விடவில்லை. கிரைண்டர் தகடுகள் இரண்டு தேய்ந்து போயின. "நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மற்றதெல்லாம் கூட்டாளியும் நானும் அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். சட்டத்தை இடம் மாற்றி ஒட்டி, சக்கரங்களுக்குப் போகும் தண்டைக் குட்டையாக்கி, கிளட்ச் பெடலைக் கழற்றி ஒரு வாளியில் போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டதும் வண்டி தயாரானது.

அவர் கைப்பிடியைப் பற்றி எம்பி ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது. கூட்டாளி கை தட்டினார். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவர் ஆசைப்பட்டது இதோ நடந்துவிட்டது. இவ்வளவு காலமாக நெஞ்சில் இருந்த பாரம் ஒரு நொடி இறங்கியது.

செம்பனைகளுக்கு நடுவே பாதை நேராகப் போனது. வண்டி சீராகப் போகவில்லை. உறுமிக்கொண்டு பாய்ந்தது, பிறகு தயங்கியது, மறுபடி பாய்ந்தது. புது வண்டிக்குப் பழகுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் அடிக்கடி குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டப் பாருங்க" என்றேன்.

பாதை வலது பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு கால்வாய் இருக்கிறது. வண்டி வேகம் குறையவில்லை. குறைய வேண்டிய இடத்தில் எஞ்சின் அலறியது. நான் கத்தினேன். அவர் கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி சேற்றில் சறுக்கி, வெட்டி அடுக்கியிருந்த மட்டைக் குவியலில் இடித்து நின்றது.

அவர் எஞ்சினை அணைத்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். அது இன்னும் எக்ஸிலேட்டர் மேலேயே இருந்தது.

"பிரேக்க மிதிச்சேன்னுதான் நெனச்சேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"இந்தக் காலும் அப்படித்தான்மா. எங்க இருக்குன்னு குனிஞ்சி பாத்தாத்தான் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அந்தக் கால எடுக்கறதுக்கு முன்னாடியே."

"அப்ப டெய்லி கூசுது கூசுதுன்னு இழுத்துகிட்டது?"

"உன் கை வர்றதப் பாத்துட்டுத்தான் இழுத்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஈரமான மட்டைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அப்ப ஏன் இந்த கியர் பாக்ஸ மாட்டச் சொன்னீங்க?"

"நீ அவ்ளோ ஆசையா வாங்கிட்டு வந்து நின்ன. நான் என்னா சொல்றது?" என்றார். பிறகு, "கிளட்ச் இருந்த வரைக்கும், இடது காலு இல்ல, அதான் ஓட்ட முடியலன்னு சொல்லிக்கலாம். நானே அப்படித்தான் நெனச்சிகிட்டு இருந்தேன்" என்றார்.

வீம்பு என்று நான் நினைத்ததெல்லாம் இதுதான். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே அளவு இரக்கமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், "நவருங்க, நான் ஓட்டறேன்" என்றேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கி, வண்டியின் ஓரத்தில் கை ஊன்றி ஊன்றி, பின்பக்கமாகச் சுற்றி என் பக்கம் வந்தார். நான் உதவிக்கு இறங்கவில்லை. அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரை ரிவர்ஸில் தள்ளினேன். காலை வைத்தேன். பெடலுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்கின் முறுக்கு தெரிந்தது. எஞ்சினின் நடுக்கம் தெரிந்தது. பெடல் ரப்பரில் இருந்த வரிகள்கூட என் செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்குத் தெரிந்தன. அவர் காலுக்குத் தெரியாததெல்லாம் என் காலுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும். மிதித்தேன்.