பால் குடித்த தம்பி

உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில் இந்திஸார் 'யாருமில்லை' என்று எழுதினாள். அவள் அம்மா பெற்றது ஒரே பிள்ளை. டியர்போர்னுக்கு வந்து இருபது வருடம், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பதிமூன்று வருடம். ராணுவ வண்டிகளுக்கு பிரேக் வடிவமைக்கும் வேலை. அதில் நீடிக்க அரசின் ரகசிய அனுமதி வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் படிவம். வெளிநாட்டு நண்பர்கள் பக்கத்தில் ஊரிலிருக்கும் முஃதஸை எழுதவில்லை. அவன் நண்பன் இல்லையே.

விசாரணை அதிகாரி ஹாலண்ட் அக்கம்பக்கத்திலும் கேட்டார். அடுத்த வீட்டு வாண்டா நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: "தங்கமான பொண்ணு. வெள்ளிக்கிழமை ஆனா ஊர்லேருந்து தம்பி போன் பண்ணிடுவான். சிரிக்கிற சத்தம் வேலி தாண்டிக் கேக்கும்."

ஹாலண்ட் திரும்பி வந்தார். "தம்பி இல்லேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப அது யாரு?"

அவள் சொன்னாள். பஸ்ராவில் பக்கத்து வீட்டுக்காரி பிரசவக் காய்ச்சலில் கிடந்தாள். அவள் பிள்ளை முஃதஸுக்கு இந்திஸாரின் அம்மா ஏழு மாதம் பால் கொடுத்தாள். அவர்கள் மார்க்கத்தில் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது, அவன் முன் முக்காடு வேண்டாம்.

"அவர் என்ன வேலை பாக்கிறார்?"

"அங்க எல்லைப் படையில மேஜர்."

ஹாலண்டின் பேனா நின்றது.

ஆறு வாரத்தில் அனுமதி மறுத்துக் கடிதம் வந்தது. காரணம்: அயல்நாட்டுப் படை அதிகாரியோடு நெருக்கம், அதை மறைத்தது. அவளைப் பழைய வரைபடங்கள் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். வழக்கறிஞர், "ரத்த உறவில்ல, பேச்சையும் நிறுத்திட்டேன்னு உண்மையா எழுத முடிஞ்சா பிழைக்கலாம்" என்றார்.

வழக்கறிஞர் சொன்னதை வெள்ளிக்கிழமை முஃதஸிடம் சொன்னாள்.

"இவ்வளவுதானே? பக்கத்து வீட்டுப் பையன்னு எழுதிடு அக்கா."

"பக்கத்து வீட்டுப் பையன் முன்னாடி முக்காடு இல்லாம நின்னேனாடா நான்?"

"என் பங்குப் பாலையும் நீதான் குடிச்சே. இப்ப நான் கேட்டு ஒரு பொய் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன். போய்ச் சாப்பிடு."

பதில் கடிதத்தில் 'தம்பி' என்றே எழுதினாள். எங்கள் தம்பிக்கு உங்கள் தாளில் கட்டம் இல்லை, மறைக்கவில்லை என்றும் எழுதினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவள் கூப்பிட்டால் இரண்டு மணி அடித்ததும் துண்டித்தான். படையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று முதலில் பயந்தாள். மூன்றாவது வாரம் புரிந்துவிட்டது, வேண்டுமென்றேதான் பேசாமலிருக்கிறான்.

"உன் தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் வாண்டா.

"நல்லாத்தான் இருக்கான்."

விசாரணை நாளில் நீதிபதி கேட்டார்: "கடைசியா எப்பப் பேசினீங்க?"

"மார்ச் ஏழு."

"நிறுத்திட்டீங்களா? உங்களுக்கு அது நல்லதுதான்."

"நான் நிறுத்தல. அவன்தான் நிறுத்தினான்."

நீதிபதி தேதியை மட்டும் குறித்துக்கொண்டார்.