இருபது வீட்டு அரசாங்கம்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மேடவாக்கம் அபார்ட்மென்ட்டின் மாதக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடுதான்...

அரசாங்கம் அளவோடு இருக்க வேண்டும், மக்களை அவர்கள் பாட்டுக்கு விட வேண்டும் என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை வாரம் முழங்கியிருப்பேன்? அதைப் படித்துவிட்டுத்தான் என்னை அசோசியேஷன் செயலாளராக்கினார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குக் கிடைத்த முதல் பதவி. சும்மா இருப்பேனா?

என் கோளாறு, பயம். பிள்ளைகள் மொட்டைமாடியில் கிரிக்கெட் ஆடினால் விழுந்துவிடுவார்களோ — மாடிக்குப் பூட்டு. லிஃப்டில் கேஸ் சிலிண்டர் ஏற்றினால் வெடிக்குமோ — தடை. என் வீட்டு சிலிண்டரை நானே மூச்சிரைக்கப் படியில் தூக்கினேன். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சட்டம்.

அடுத்த பயம், தரைத்தளத்துச் செல்வி அக்கா. தனியாளாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்று, மகளைக் காலேஜில் படிக்க வைக்கிறார். மாவு வாங்க வெளியாட்கள் வருகிறார்கள். அதில் ஒருவன் திருடனாக இருந்தால்?

“இனிமே வீட்ல வியாபாரம் வேணாங்க. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்” என்றேன்.

செல்வி அக்கா எழுந்தார். “யாருக்கு சார் பயம்? எங்களுக்கா, உங்களுக்கா?”

“பொதுவா...”

“மாவு விக்கலைன்னா எம்பொண்ணு படிப்பு நின்னுடும். அப்புறம் அவளும் உங்கள மாதிரி பேப்பர்ல எழுதிகினு இருக்க வேண்டியதுதான்.”

கூட்டம் சிரித்தது. மூன்றாவது மாடி ஜோசப் சார், பள்ளிக்கூட வாத்தியார், சிரிக்காமல் கேட்டார்: “சின்ன அரசாங்கம் வேணும்னு எழுதுறீங்க. இங்க மொத்தமே இருபது வீடு. இதைவிடச் சின்னதா எங்க சார் போறது?”

உட்கார்ந்துவிட்டேன்.

கோட்டையில் இருப்பவர்கள் ஆசையில் சட்டம் போடுகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் திட்டினேன். என்னைப் போல நடுங்கிக்கொண்டே போடுகிறவர்களும் இருப்பார்கள் போல. ஆனால் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எவரும் நேர்மையாகச் சொல்வதில்லை. ‘உங்கள் பாதுகாப்பு’ என்கிறோம். சாவியை மட்டும் நம் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறோம்.

“எனக்குத்தாங்க பயம்” என்றேன்.

“அது தெரிஞ்ச விஷயம்தானே சார்” என்றார் அக்கா.

மாவு வியாபாரம் தப்பித்தது. நான் போட்ட சட்டங்கள் அத்தனையும் ரத்தாயின. புதிதாக ஒன்றே ஒன்று, எல்லோரும் கை தூக்க, ஏகமனதாக நிறைவேறியது — செயலாளர் இனி தனியாகச் சட்டம் போடக்கூடாது.

என் மனைவி இரண்டு கையையும் தூக்கினாள்.