வெடிக்கு எகிறிய பிள்ளை

வடக்குப்பட்டுக்கு மேற்கே கல்குவாரியை ஒட்டி இருந்த காலனியில், கையில் சுத்தியல் இல்லாத சகாயமேரியைப் பார்ப்பது கஷ்டம். காலையில் ஜல்லி உடைக்கக் குந்தினால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பாள். அவள் புருஷன் அருள்நாதன் அதே குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறவன். உச்சிவேளையில் சிவப்புக் கொடியை ஆட்டி, "வெடி, வெடி" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுத் திரியைக் கொளுத்திவிட்டு ஓடுவான். கொஞ்ச நேரத்தில் காலனியே ஒரு குலுக்குக் குலுங்கும். அடுக்கி வைத்த சட்டி பானையெல்லாம் கலகலக்கும். கைக்குழந்தைகள் வீறிடும்.

அவர்களுடைய ஒரே மகள் கிளாராவும் அந்த நேரத்தில் பந்து மாதிரி எகிறி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அந்த எகிறல்தான் அவளுக்கு வினையாக வந்தது.

ஆறு வயது முடிந்தும் அவள் வாயில் 'ம்மா' என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று யாராவது வாயெடுத்தால், காலனியே சேர்ந்து அடித்துப் பேசும்: வெடிச் சத்தத்துக்கு எகிறுகிறாளே, அது காதில்லாமலா? கல்லுடைக்கிற ஊரில் காதைச் சோதிக்க அதைவிடப் பெரிய சத்தம் எங்கே கிடைக்கும்? அப்படியென்றால் காது நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைக்குத் திமிர் என்று முடிவு கட்டினார்கள். திமிருக்கு மருந்து அடிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அருள்நாதன் இடுப்பு பெல்ட்டால் அடித்தான். சகாயமேரியும் சும்மா இல்லை, தொடப்பக்கட்டை பிய்ந்து போகிற அளவுக்கு அடித்திருக்கிறாள். அடி வாங்கும்போது அந்தப் பெண் அழுகிற சத்தம் ஒரு மாதிரி இருக்கும், மாட்டுக்கன்று கத்துகிற மாதிரி. அதைக் கேட்டு அவர்களுக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒரே கூடம், ஒரே வாத்தியார், அஞ்சு வகுப்பு. பலராமன் சார் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வெயிலிலும் மழையிலும் பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற மனுஷன். சேர்த்துவிட்ட அன்றைக்கு அருள்நாதன் அவரிடம், "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். எல்லா அப்பன்மாரும் சொல்கிற பேச்சுதான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பிள்ளை, சொல்லாத பிள்ளைகளின் மூக்கை ஒரு கையால் பிடித்து மறு கையால் கன்னத்தில் அறைய வேண்டும். மெதுவாக அறைந்தால் அறைந்தவனுக்குப் பிரம்பு. சார் கேள்வியைப் பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார். கிளாரா என்ன கேட்டார் என்றே தெரியாமல் நிற்பாள். ஆகவே தினமும் எல்லாரும் அவளை அறைந்தார்கள். அவளைவிடப் பொடிசுகள் கூட எக்கி நின்று மூக்கைப் பிடித்தார்கள். அதில் லாசர் என்ற கங்காணி மகன் மட்டும் அறைவதற்கு முன்னால் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்வான், அப்போதுதான் சத்தம் நன்றாக வருமாம். சாயங்காலம் பார்த்தால் பிள்ளையின் கன்னத்தில் விரல் விரலாகத் தடித்திருக்கும்.

அடித்தும் பேச்சு வராததைப் பார்த்து, குவாரியில் யாரோ அருள்நாதனிடம் வேறு கதை சொன்னான். நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்டலத்துப் பக்கம் ஒருத்தன் கத்தி போட்டு நாக்கு வேரை அறுத்துவிடுகிறான், அறுத்ததும் மளமளவென்று பேச்சு கொட்டும் என்று. அருள்நாதன் போய்ப் பேசி நாளும் குறித்துவிட்டு வந்தான். சகாயமேரிக்கு அதில் இஷ்டமில்லை. ஆனாலும் பேச்சு வந்தால் பள்ளிக்கூடத்தில் அடி நிற்குமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், பிள்ளையின் பாவாடையைத் துவைத்துப் போடலாம் என்று அவள் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு எதிரே புளியமரத்தில் கயிற்று ஊஞ்சல். கிளாரா ஆடிக்கொண்டிருந்தாள். உச்சிக்கு வெடி வெடித்தது. பானை கலகலத்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது, நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. கிளாரா மட்டும் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்க, முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தாள்.

சகாயமேரி துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு ஓடினாள். பித்தளைத் தட்டை எடுத்து வந்து ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. இறக்கி நிறுத்தி, பின்னால் நின்று தரையில் ஓங்கி ஒரு உதை விட்டாள். சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னபோது அவன் சோற்றிலிருந்து தலையே தூக்கவில்லை. கத்திக்காரனுக்குப் பயந்துகொண்டு கதை கட்டுகிறாள் என்று நினைத்தான்.

விடிந்ததும் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அவளுக்குக் காலுதான்யா கேக்குது. காது கேக்கல. கேக்காத காதுக்கு நாக்க அறுத்து இன்னா ஆவப்போவுது?"

"வயிய வுடு மே. வெடிக்கு எகிறுறவளுக்குக் காதில்லன்னு எவன்கிட்ட போயி சொல்லுவ?"

விடவில்லை. அவன் விட்ட அறையில் அவளுடைய முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது. கீழே விழுந்தவளை இடுப்பிலேயே மிதித்தான். மண்ணும் ரத்தமுமாக எழுந்து மறுபடியும் குறுக்கே நின்றாள். மறுபடியும் தள்ளினான். பிள்ளை அவன் கையைக் கடித்து, கடித்ததற்கும் ஒன்று வாங்கியது. அவன் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நிலைக்காலில் வலது கையை ஊன்றி வெளியே காலெடுத்து வைத்தான். மூலையில் கிடந்த சுத்தியல் அவள் கைக்குத் தட்டுப்பட்டது. தினமும் கல்லுக்கு ஓங்குகிற மாதிரியே ஓங்கி, ஊன்றிய மணிக்கட்டில் போட்டாள். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது.

அன்றைக்கு அவர்கள் தண்டலம் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.

புருஷன் கையை ஒடித்தவள் என்று காலனி காறித் துப்பியது. கொழுந்தன் வந்து மயிரைப் பிடித்து இழுத்து நடுத்தெருவில் போட்டு மிதித்தான். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, உச்சிவேளைக்கு வந்து ஊஞ்சலைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். ஒருத்தரும் வரவில்லை.

பார்த்தது அருள்நாதன்தான். கையில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, வேலைக்குப் போக முடியாமல், அவளோடு பேசாமல் மரத்தடியில் கிடந்தான். அவன் இடத்தில் வேறொருத்தன் வெடி வைத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து உச்சிவேளை வெடி வெடிக்கும்போது அவன் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. குலுக்கு வந்தது. அவனே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். கண்ணுக்கு நேரே மகள் ஆடிக்கொண்டிருந்தாள், காற்றில் பாவாடை விசிற, ஒன்றுமே நடக்காத மாதிரி. அவன் எழுந்து போய் நல்ல கையால் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்து நிறுத்தினான்.

சகாயமேரி வேலை முடிந்து வந்ததும் கேட்டான், "எத்தினி வாட்டி அடிச்சிருப்பேன் மே?"

"எண்ணிக்கினா அடிச்சோம்? நானுந்தான் அடிச்சேன். எந்திரி, நாளைக்கி சாரப் பாக்கணும்."

சாரிடம் அவனே பேசினான். அவளுக்கு உடைந்த பல்லில் சீழ் வைத்துத் தாடை வீங்கியிருந்தது. தோலை உரிக்கச் சொன்ன பேச்சைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். வெடி விஷயத்தையும் ஊஞ்சல் விஷயத்தையும் விளக்கினான். சார் முதலில் நம்பவில்லை. கிளாராவை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, கை தட்டிப் பார்த்தார், பிறகு செருப்புக் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப் போய்விட்டது.

சகாயமேரி வீங்கிய வாயைத் திறந்து கேட்டது இவ்வளவுதான்: முன்வரிசையில் உட்கார வையுங்கள், அவளைப் பார்த்துப் பேசுங்கள், கூப்பிடும் முன்னால் தரையைத் தட்டுங்கள், வாயால் கேட்கிற கேள்வியைச் சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள், பதிலையும் சிலேட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அறைகிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லியும் கேட்டாள். அதற்கு மட்டும் சார் தலையாட்டவில்லை. அதையும் எடுத்துவிட்டால் எவன் படிப்பான் என்றார்.

மற்றபடி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவில் திரும்பித் திரும்பி அந்த ஒரு பிள்ளைக்கு முகம் காட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. மறந்து போவார், நினைவு வந்து திரும்புவார். மழைக்காலம் முடிவதற்குள் கிளாராவுக்கு எழுத்து வந்துவிட்டது. கணக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் சகாயமேரி கஞ்சித் தூக்குடன் பள்ளிக்கூடத்து ஜன்னலண்டை போய் நின்றாள். உள்ளே ஒரே அமைதி. சார் பலகையில் ஒரு கழித்தல் கணக்கு போட்டிருந்தார். வரிசையாக நின்றவர்களில் யாருக்கும் வரவில்லை. கிளாராவின் சிலேட்டில் மட்டும் விடை சரியாக இருந்தது. சார் சிலேட்டை வாங்கிப் பார்த்தார், அவளைப் பார்த்து வரிசைப் பக்கம் கை காட்டினார். வழக்கம் வழக்கம்தானே.

கிளாரா எழுந்தாள். முதல் பையனின் மூக்கைப் பிடித்து விட்டாள் ஒரு அறை. அவன் தள்ளாடிச் சுவரில் சாய்ந்தான். அடுத்தவள், அதற்கடுத்தவன். மெதுவாக அடிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவள் வாங்கியதை வைத்துத்தான் அவளுக்குக் கணக்கு. ஒருத்தனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். சகாயமேரிக்கு முதலில் நெஞ்சு விம்மியது. ரத்தத்தைப் பார்த்ததும் மகளின் கையைக் கவனித்தாள். அந்தக் கை ஓங்கின விதம் அவளுடையது, விழுந்த வேகம் அருள்நாதனுடையது.

தூக்கை வைத்துவிட்டு உள்ளே போனாள். சாரைக் கூடக் கேட்கவில்லை. மகளுக்கு எதிரே குந்தி, ஓங்கின கையைப் பிடித்து, தன் முகத்துக்கு நேரே முகத்தைத் திருப்பினாள். சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்து, "போதும்" என்றாள்.

கிளாரா அந்த உதட்டையே பார்த்தாள். உடைந்த பல்லின் இடைவெளியையும் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று தலையாட்டினாள். கையை இறக்கினாள்.

அப்புறம் வரிசைக் கடைசியில் நின்ற லாசரைப் பார்த்தாள். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு போய் அவனுக்கு மட்டும் ஒன்று கொடுத்துவிட்டு வந்து, சிலேட்டை எடுத்து அடுத்த கணக்குக்காக சாரின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.