நான் புகாரில் எழுதிய வேகம்

முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் ஊரார் மனுக்களில் குற்றம் கண்டுபிடித்தவன் நான். எனவே சேலையூரில் டாக்ஸி மோதிக் கால் முறிந்தபோதே நஷ்டஈட்டு மனுவின் வாசகம் மனதில் தயார். ஓட்டுநர்மேல் தவறு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

உண்மையில் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்கே ஓடியது நான். ஓட்டுநர் மெதுவாகத்தான் வந்தார். என்னைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவரே. ஆனாலும் புகாரில், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதினேன். எல்லாரும் எழுதுவதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் புகாரில் போலீஸ் அவர்மேல் போட்ட வழக்கு வந்த நாள், கோர்ட் வாசலில் அவர் என்னிடம் வந்தார்.

"கால் இப்ப எப்டி கீது சார்?"

"பரவாயில்லைப்பா."

"தப்ப ஒத்துக்கினு ஃபைன் கட்டிடுன்றாங்க. லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? நீங்க படிச்சவரு, சொல்லுங்க சார்."

ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் ஒத்துக்கொண்டால் என் நஷ்டஈட்டு வழக்கு உறுதி என்பதும் தெரியும்.

"ஒண்ணும் ஆகாது," என்றேன்.

கும்பிட்டுவிட்டு உள்ளே போய் ஒத்துக்கொண்டார். எனக்கு நஷ்டஈடு வந்தது. அவருக்கு லைசென்ஸ் போனது.

இப்போதெல்லாம் டாக்ஸியில் ஏறியதும் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கிறேன். ஒருமுறைகூட அவராக இருந்ததில்லை.